நடு ஸ்விட்சின் வட்டம்

அத்திப்பாளையம் பிரிவு சிக்னலில் டிரைவர் பஸ்ஸின் எஞ்சினை அணைத்தார். நிற்கிற நேரத்தில் அணைத்தால் டீசல் மிச்சம் என்று கொஞ்ச நாளாக இப்படிச் செய்கிறார். அதுவரை தடதடவென்று ஆடிக்கொண்டிருந்த ஜன்னல் சட்டென்று நின்றது. வண்டிக்குள் ஒரு அமைதி.

அந்த அமைதியில்தான் எனக்கு உறைத்தது. நான் ஆபீஸை விட்டுக் கிளம்பும்போது நாலாவது மாடி நடையிலும் இதே அமைதி இருந்தது. அங்கே அமைதி இருக்கக் கூடாது. கரண்ட் போனால் கைகொடுக்கிற பேட்டரி ரூமின் எக்ஸாஸ்ட் ஃபேன் பகலும் ராத்திரியும் டர்ர்ர் என்று ஓடிக்கொண்டிருக்கும். பதினொரு மாதமாகக் கேட்டுக் கேட்டு, அது காதில் விழுவதே தெரியாமல் போயிருந்தது. நின்ற பிறகும் தெரியவில்லை. பஸ் நின்றபோதுதான் தெரிந்தது.

நான்தான் அதை அணைத்திருக்கிறேன்.

மணி ஏழு பத்து. வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு எலெக்ட்ரீஷியன் பவன் அந்த ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். பேட்டரிகளுக்குத் தண்ணீர் ஊற்றி, கூடுதல் சார்ஜ் போட்டு, முடுக்க வேண்டியதை முடுக்கிவிட்டு ஒன்பது மணிக்கு வெளியே வருவான். ஒருநாள் டீ குடிக்கும்போது அவனே சொல்லியிருக்கிறான்.

"சார்ஜ் ஏறறப்ப பேட்டரில இருந்து கேஸ் வருமுங்ணா. மோந்து பாத்தாலும் தெரியாது. அந்த ஃபேன் மட்டும் நின்னு போச்சுன்னா ரூமே குண்டு மாதிரி. ஒரு பொறி போதும். ஸ்பேனர் தவறி விழுந்தா பொறி, ஸ்விட்ச்சப் போட்டா பொறி."

"அப்ப ஃபேன் நின்னா ஸ்விட்ச்சப் போடக்கூடாதா?"

"போடவே கூடாதுங்ணா. கதவத் தொறந்து உட்டுப்போட்டு ஓடிரணும்."

அன்றைக்குச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

பஸ் மறுபடி கிளம்பியது. நான் எழுந்திருக்கவில்லை. இதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. எழுந்து கத்தி வண்டியை நிறுத்தியிருக்க வேண்டும். உட்கார்ந்தே இருந்தேன். பவனுக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. அந்த ரூமுக்குள் சிக்னல் கிடைக்காது. கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் தேவதாஸுக்குப் போட்டேன். வேறு அழைப்பில் இருந்தார். இன்னொரு தடவை போட விரல் போனது, நின்றது. அவர் எடுத்தால் என்ன சொல்வது? சிவப்பு வட்டம் ஒட்டிய ஸ்விட்சை ஏன் தொட்டாய் என்று கேட்பார். அதற்குப் பதில் சொன்னால் திங்கட்கிழமை எனக்கு வேலை இருக்காது.

அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். எனக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது. இரண்டும் ஒரே மண் நிறமாகத்தான் இருக்கும். சிவப்பு கொஞ்சம் இருட்டாக இருக்கும், அவ்வளவுதான். இளவயசில் டிரைவர் லைசென்ஸுக்குப் போனபோது புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கிற எண்ணைப் படிக்கச் சொன்னார்கள். நான் விழித்தேன். எழுத்து தெரியாதவன் என்று அனுப்பிவிட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கணபதியில் வார்ப்படப் பட்டறையில் சுமைவேலை பார்த்தபோது, ஆறிப்போன கருப்பு இரும்பு என்று ஒன்றைக் கையால் எடுத்தேன். அது இன்னும் சிவந்துதான் இருந்ததாம். வலது உள்ளங்கையில் அந்தத் தழும்பு இருக்கிறது. அப்புறம் முதுகு போனது. சுமை தூக்க முடியாதவனுக்கு ஐம்பத்து மூன்று வயசில் கிடைத்த வேலை, சரவணம்பட்டியில் இந்தக் கம்ப்யூட்டர் ஆபீஸில் தரை துடைக்கிற வேலை. இது போனால் அடுத்தது இல்லை.

வேலையில் சேர்ந்த முதல் வாரமே ஆபீஸில் 'பசுமைப் பழக்கம்' என்று ஆரம்பித்தார்கள். பிளாஸ்டிக் கப் போய் ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் வந்தது. ஒருபக்கம் அச்சான காகிதத்தைத் தனி டிரேயில் போட வேண்டும். ஏழு மணிக்குமேல் ஒரே ஒரு லிஃப்ட்தான் ஓடும். நடையில் ஆள் நடந்தால்தான் விளக்கு எரியும். சாயங்காலம் எல்லாரும் போன பிறகு நாங்கள் மாடி மாடியாகப் போய் ஸ்விட்சுகளை அணைக்க வேண்டும். எதை அணைக்கலாம், எதைத் தொடக் கூடாது என்பதற்கு ஒவ்வொரு ஸ்விட்சின் கீழும் வட்டமாக ஒரு ஸ்டிக்கர். பச்சை என்றால் அணை. சிவப்பு என்றால் தொடாதே.

அதைச் சொல்லிக்கொடுக்க வந்தது மேக்னா என்ற பெண். நல்ல பிள்ளை.

"அண்ணா, அக்கா, இதுல ஒரு எழுத்துகூட இல்ல பாருங்க. படிக்கத் தெரியாதவங்களும் குழம்பக் கூடாதுன்னு சூப்பர்வைசர் சசிதர் சார்தான் கலர் மட்டும் போதும்னு சொன்னாருங்க. ஈஸிதானுங்களே?"

எல்லாரும் ஈஸி என்றார்கள். நானும் சொன்னேன். அதற்கு மூன்று வருஷம் முன்னால்தான் சர்ச் ஹாலில் ஞாயிறு சாயங்கால வகுப்பில் உட்கார்ந்து அ, ஆ படித்து முடித்திருந்தேன். பஸ் போர்டு, மருந்துக் கடைப் பெயர், பைபிளில் சங்கீதம் எல்லாம் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அந்தக் கூட்டத்தில் எழுத்து வேண்டும் என்று கேட்க வேண்டியவன் நான் ஒருவன்தான். வாயைத் திறக்கவில்லை.

ஒரு வழி கண்டுபிடித்தேன். என்னோடு வேலை பார்க்கிற ரங்கநாயகியிடம் விளையாட்டுப்போல, "உங்க கண்ணு நல்லாத் தெரியுதான்னு பாக்கலாமுங்க, இது என்ன கலரு சொல்லுங்க?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். "ஏனுங்ணா, என்னையக் கிழவின்னே முடிவு பண்ணிப்போட்டீங்களா? பச்சைங்க, பச்சை!" என்பாள். அவள் அந்தப் பக்கம் போனதும் பென்சிலால் சுவரில் சின்னதாக எழுதுவேன். அணைக்கலாம் என்றால் 'அ'. விட வேண்டும் என்றால் 'வி'. எங்கள் பொறுப்பில் இருந்த நாலு மாடிக்கும் இரண்டு வாரத்தில் எழுதி முடித்தேன். பதினொரு மாதம் ஒரு தவறும் நடக்கவில்லை.

அதே வெள்ளிக்கிழமை காலையில், திங்கட்கிழமை யாரோ பெரிய ஆட்கள் ஆபீஸின் பசுமையைப் பார்க்க வருகிறார்கள் என்று நாலாவது மாடி நடைக்குப் பெயிண்ட் அடித்தார்கள். பெயிண்டர் தல்ஹா பேட்டரி ரூம் பக்கம் அடிக்கும்போது என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க பெரியவரே, இங்க என்னமோ எழுதியிருக்குதுங்க. வேணுங்களா, அடிச்சுப்போடட்டுங்களா?"

பக்கத்தில் சூப்பர்வைசர் சசிதர் சார் நின்றிருந்தார். வேணும் என்று சொன்னால், எதற்கு என்று கேட்பார்.

"ஒண்ணுமில்லீங்க, அடிச்சுப்போடுங்க" என்றேன்.

தல்ஹா இரண்டு இழுப்பு இழுத்தார். என் எழுத்து போய்விட்டது. பழைய போர்டையும் கழற்றிப் புதுசு மாட்டினார்கள். இரண்டு ஸ்விட்ச் இருந்த இடத்தில் மூன்று, வரிசையாக. அதன் கீழே புது வட்டங்கள். அன்று ரங்கநாயகி லீவு. சத்தியமங்கலத்தில் அவள் தங்கை வீட்டுக் கல்யாணம்.

அன்று சாயங்காலம் ஆறரை மணிக்கு அந்த போர்டின் முன் நின்றேன். அசையாமல் நின்றதால் நடை விளக்கும் அணைந்துவிட்டது. படிக்கட்டுக்குக் கீழே இருந்து சசிதர் சார் கத்தினார்.

"ஏனுங் சகாயம், முடிஞ்சுதுங்களா? போன வாரம் காபி மிஷின் ஓடிட்டே இருந்துச்சு, இந்த வாரமும் கரண்ட் மிச்சம் பண்றதுல நம்ம மாடி கடைசின்னு வரக் கூடாதுங்!"

"முடிஞ்சுதுங்க, வாரேனுங்க."

மூன்றில் எது இருட்டாக இருக்கிறதோ அது சிவப்பு. ஓரத்து வட்டம் இருட்டாக இருந்த மாதிரித் தெரிந்தது. அதை விட்டேன். மற்ற இரண்டையும் அணைத்தேன். நடுவில் இருந்ததை அமுக்கியபோது சுவருக்குப் பின்னால் ஏதோ அடங்கியது. காது கேட்டது. கால் படியிறங்கிக்கொண்டிருந்தது.

பஸ் கணபதி நிறுத்தத்துக்கு முந்தைய நிறுத்தத்தில் நின்றது. அங்கே இறங்கினேன். ரோட்டைக் குறுக்கே தாண்டி ஒரு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டுதான் இடத்தைச் சொன்னேன்.

"சரவணம்பட்டிக்கா? இந்த டிராபிக்லயா? ஆஸ்பத்திரிங்களா?" என்றான் ஆட்டோக்காரன்.

"ஆமாங்க" என்றேன். பொய் தானாக வந்தது. அன்னை மரியே, அன்னை மரியே என்று அதை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜெபத்தின் மீதி வரி நினைவுக்கு வரவில்லை. சத்தி ரோட்டில் எங்கேயோ பட்டாசு வெடித்தது. யார் வீட்டு விசேஷமோ. நிமிர்ந்து பார்த்தேன். தூரத்தில் ஆபீஸ் கட்டிடம் அப்படியே நின்றது. பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் அது நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன்.

கேட்டில் தேவதாஸ் இன்னமும் போனில் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் போனைக் காதிலிருந்து எடுத்தார்.

"என்ன சகாயம், வேலை மேல அவ்வளவு ஆசையா? டிபன் பாக்ஸ மறந்துட்டீங்களாக்கும்?"

"பவன் மேல இருக்காருங்களா?"

"இருக்காப்ல. ஏழு மணிக்கே ஏறிட்டாப்ல. கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. ஏனுங், ஏனுங்! கார்டு இல்லாம மேல..."

நான் கையெழுத்துப் போடவில்லை. லிஃப்ட்டுக்கு ஓடினேன். ஓடுகிற ஒரே லிஃப்ட் ஆறாவது மாடியில் நின்றுகொண்டிருந்தது. படியேறினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் நான் போன பிறகுதான் விளக்கு எரிந்தது. முன்னால் எப்போதும் இருட்டு. இரண்டாவது மாடியில் முதுகில் கத்தி இறங்கின மாதிரி வலித்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போதே திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. எதாவது ஆனால் நானும் அதில் இருப்பேன். யாருக்கும் தெரியாது யார் அணைத்தது என்று. அந்த நினைப்பு என் மனசில்தான் வந்தது. வேறு யாருடையதும் இல்லை.

நாலாவது மாடி. நடையில் புதுப் பெயிண்ட் வாசனை. சத்தம் இல்லை. விளக்கு எரிந்ததும் போர்டு தெரிந்தது. மூன்று வட்டம். கை தானாக நடு ஸ்விட்சுக்குப் போனது. விரல் தொட்டுவிட்டது. அப்போதுதான் அவன் சொன்னது ஞாபகம் வந்தது. ஸ்விட்ச்சப் போட்டா பொறி. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். விரல் நுனி அங்கேயே ஒட்டியிருப்பது போல் இருந்தது.

கதவைத் தள்ளினேன். நடையின் ஏசி குளிர் உள்ளே போய் வீணாகாமல் இருக்கத் தானாகச் சாத்திக்கொள்கிற கனத்த கதவு. தோளால் முட்டித் திறந்தேன். உள்ளே வெக்கையாக இருந்தது. அடுக்கடுக்காக பேட்டரிகள். அவற்றின் நடுவில் பவன் முதுகைக் காட்டிக் குனிந்திருந்தான். காதில் பாட்டு மாட்டியிருந்தான், தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். கையில் ஸ்பேனர். பேட்டரியின் தலையில் இருந்த போல்ட்டுக்கு மேலே.

"பவன்!"

அவனுக்குக் கேட்கவில்லை. உள்ளே போய்த் தோளைப் பிடித்தால் திடுக்கிட்டு ஸ்பேனரைக் கீழே போட்டுவிடுவான். அது தப்பிப்போய் இரும்புமேல் விழுந்தால்... நான் அசையவில்லை. சுவரோரமாகவே நடந்து அவன் கண்ணில் படுகிற இடத்துக்குப் போனேன். இரண்டு கையையும் தூக்கி, மெதுவாக, மெதுவாக என்று ஆட்டினேன்.

அவன் நிமிர்ந்தான். சிரித்தான். காதிலிருந்து ஒன்றை எடுத்தான்.

"என்னங் சகாயண்ணா, ஊட்டுக்குப் போகலீங்களா?"

"ஸ்பேனர மெல்லக் கீழ வையுங்க, கண்ணு. எதுமேலயும் படாம. ஃபேன் ஓடல."

அவன் மேலே பார்த்தான். முகத்திலிருந்து சிரிப்பு போவதை நான் பார்த்தேன். ஸ்பேனரை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, முட்டைமேல் நடக்கிறவன்போல வெளியே வந்தான். நான் பின்னால் வந்தேன். என் மாப் வாளியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தோம். நடை ஜன்னல் நாலையும் திறந்தோம். அவன் கீழே ஓடி மெயின் போர்டில் சார்ஜை நிறுத்திவிட்டு வந்தான். பிறகு இரண்டு பேரும் படிக்கட்டில் உட்கார்ந்தோம். நாங்கள் அசையாததால் விளக்கு அணைந்துவிட்டது. இருட்டில் அவன் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொள்வது கேட்டது.

"தலை வலிச்சிட்டே இருந்துச்சுங்ணா. வெயில்ல சுத்துனதுன்னு நெனச்சேன். மின்னயெல்லாம் உள்ள போறப்ப ஃபேன் ஓடுதான்னு பாத்துப்போட்டுத்தான் போவேன். இந்த சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுனதுக்கு அப்புறம், யாரு தொடப் போறான்னு பாக்கறதையே உட்டுட்டேன்."

அவன் இருட்டிலேயே பேசிக்கொண்டு போனான்.

"அந்தப் பெயிண்டர்தானுங்ணா. தல்ஹா. போர்டு மாத்தறப்ப ஆஃப் பண்ணிப்போட்டு அப்படியே போயிட்டான். இன்னைக்கே ரெஜிஸ்டர்ல எழுதிர்றேன். திங்கக்கெழம அவன் இந்தக் கேட்டுக்குள்ள வரட்டும் பாக்கலாம்."

எவ்வளவு சுலபம். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். இருட்டு, என் முகம் அவனுக்குத் தெரியாது. வேணுங்களா என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் தல்ஹா என் எழுத்தின்மேல் பெயிண்ட் அடித்தார். அது நினைவுக்கு வந்தது.

"அவரு இல்லீங்க. நான்."

"நீங்களா? சிவப்பு ஒட்டியிருக்குதுங்களே?"

"எனக்கு சிவப்பு தெரியாதுங்க."

அவன் எழுந்தான். விளக்கு எரிந்தது. என்னையே பார்த்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். போர்டைக் காட்டி, "இது?" என்றான். "தெரியாதுங்க." "இது?" "தெரியாது." தன் சட்டையைப் பிடித்துக் காட்டினான். "இது என்ன கலருங்ணா?" "மண்ணு மாதிரி இருக்குதுங்க." அவன் உட்கார்ந்துவிட்டான்.

"எத்தன வெள்ளிக்கிழம நான் உள்ள இருந்திருக்கேன்" என்றான். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

வெகுநேரம் காற்றாடவிட்ட பிறகுதான் பவன் ஃபேனைப் போட்டான். டர்ர்ர் என்று அது கிளம்பியபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்துகொண்டோம். ஒன்றும் ஆகவில்லை.

கீழே வந்ததும் தேவதாஸ் ரெஜிஸ்டரை நீட்டினார். பவன் பேனாவை எடுத்தான். "ஃபேன் நின்னு போச்சுன்னு மட்டும் எழுதறேன். யாருன்னு எழுதல" என்றான்.

"குடுங்க, நான் எழுதறேன்."

அதுவரை அந்த ரெஜிஸ்டரில் என் கையெழுத்தை மட்டும்தான் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். தேவதாஸ் எதற்கும் கேலி செய்கிற மனிதர், அன்று பேசாமல் பக்கத்தில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் எழுதியது இது:

'நாலாவது மாடி பேட்டரி ரூம் ஃபேனை அணைத்தது நான். எனக்குப் பச்சையும் சிவப்பும் ஒன்றாகத்தான் தெரியும். பெயிண்டர் மேல் தப்பு இல்லை. சகாயம்.'

சனியும் ஞாயிறும் எப்படிப் போயின என்று தெரியாது. பூசையில் நின்றேன், உட்கார்ந்தேன். வீட்டில் எதுவும் சொல்லவில்லை. கண்ணை மூடினால் ஸ்பேனர் கீழே விழுந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு சசிதர் சார் தன் ரூமுக்குக் கூப்பிட்டார். மேஜையில் ரெஜிஸ்டர் திறந்து கிடந்தது. இரண்டு தடவை படித்தார்.

"இது உங்க கையெழுத்துங்களா? யாராச்சும் எழுதிக் குடுத்தாங்களா?"

"நான் எழுதுனதுதானுங்க."

"உங்களுக்குப் படிக்கத் தெரியும்னு எனக்கு யாரும் சொல்லலையே."

"யாரும் கேக்கலீங்க."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். நெற்றியைத் தேய்த்தார். "எழுத்து வேண்டாம், கலர் போதும்னு சொன்னது நான்தானுங்க" என்றார். ரெஜிஸ்டரை மூடினார், மறுபடி திறந்தார். அவரும் பயந்துபோயிருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. அது எனக்குத் தைரியம் தரவில்லை. பயந்த ஆள் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பான். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் நானும் அதைத்தான் செய்தேன்.

"இது என் கையில இல்லீங்க. மேல பேசணும். மூணு மணிக்கு உங்களக் கூப்பிடுவாங்க. அது வரைக்கும் எந்த ஸ்விட்ச்சையும் தொடாதீங்க."

வெளியே ரங்கநாயகி கல்யாண லட்டோடு நின்றிருந்தாள். தேவதாஸ் எல்லாம் சொல்லியிருப்பார். லட்டை என் கையில் வைத்து அழுத்தினாள்.

"என்னையக் கிழவி ஆக்குனதெல்லாம் இதுக்குத்தானுங்களா? ஒரு போன் போட்டிருந்தா மணவறைப் பக்கத்துல இருந்தே சொல்லியிருப்பனே, நடுவுல இருக்கறது சிவப்புன்னு. போட்டோ அனுப்பத் தெரியாதாக்கும் உங்களுக்கு?"

"தோணலீங்க அம்மணி."

"தோணலையாமா" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது பன்னிரண்டு மணி. பெரிய ஆட்கள் வந்து முதல் மாடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மேக்னாவின் குரல் படிக்கட்டு வழியாக மேலே கேட்கிறது. நான் நாலாவது மாடி நடையைத் துடைக்கிறேன். சுவருக்குப் பின்னால் டர்ர்ர் என்று ஓடுகிறது. மூணு மணிக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. நாலு இழுப்பு இழுத்ததும் மாப்பை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன். ஓடுகிறது. மறுபடி நாலு இழுப்பு. மறுபடி நிறுத்திக் கேட்கிறேன்.